தெற்குச் சுவர்

பன்னிரண்டரைக்கு வந்துவிடுகிறேன் என்று எதிர் வீட்டுச் செல்வநாயகியக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இப்போது மணி பத்தே முக்கால், அதற்குள் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று ஊற்றினேன், ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, மணி பிளான்ட் தொட்டியின் அடித்தட்டு நிறைந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது. கீழ் வீட்டுக்கு ஒழுகும். இந்த வீட்டுக்கு வந்த பதினாலு வருடமும் நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான், செடி வைக்காதே, கீழ் வீட்டுக்கு ஒழுகும். இப்போது பதினேழு தொட்டி வைத்திருக்கிறேன், தினமும் ஒழுகுகிறது, கீழ் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் மேலே வந்து சத்தம் போட்டால்கூட நன்றாக இருக்கும், உட்காருங்கள் என்று சொல்லி ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன். காப்பி நன்றாகத்தான் போடுகிறேன். குடிக்க ஆள் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், வராமல் செடியையும் தொட்டியையும் சுற்றிக்கொண்டிருந்தால் மணி பன்னிரண்டரை ஆகிவிடும். என் மனைவி வசந்தாமணி உயிரோடு இருக்கிறாள். பல்லடத்தில் அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இன்றைக்குப் புரட்டாசி அமாவாசை. உயிரோடு இருக்கிற அவளுக்குப் படையல் போடுவதற்காக, எதிர்க்கதவுக்குப் பின்னால் ஒரு பொம்பளை காலையிலிருந்து விரதம் இருந்து சமைத்துக்கொண்டிருக்கிறார். வாழைக்காய் வறுக்கிற வாசம் கதவிடுக்கு வழியாக வருகிறது. நான் போய் நிறுத்த வேண்டும். எழுந்து பத்து அடி நடந்தால் போதும்.

நடக்கிறேன், நடக்காமல் என்ன, கொஞ்சம் யோசித்துவிட்டு நடக்கிறேன். என்ன சொல்வது என்று முதலில் ஒரு வரி வேண்டும் இல்லையா. அக்கா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சுங்க. சின்ன தப்பா இது? பம்ப்செட் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான், தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிடுவேன், என் கையில் அந்தச் சிவப்பு போகவே போகாது, சோறு பிசையும்போது வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு இது தெரியாமல் போய்விட்டது. சுவரில் ஆரம்பித்ததுதான் எல்லாம். அவள் போன பிறகு போனில் வீட்டு அலங்கார வீடியோ பார்க்கிற பழக்கம் வந்தது. சும்மா ஒரு நாள் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள், பெரிய மூக்குத்தி, உங்க வீட்டுக்குள்ள நுழையறவங்க கண்ணு முதல்ல எங்க போகணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும் என்றாள். எங்கள் வீட்டில் நுழைகிறவர் கண் எங்கே போகும்? பதினாலு வருடமாக நுழைந்த உடனே மின் மீட்டர்தான் தெரியும். அன்றைக்கு ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளை டியூப் லைட், ஒரு காலண்டர். கம்பெனியில் எங்கள் செக்கிங் ரூம் இதைவிடக் கொஞ்சம் லட்சணமாக இருக்கும். அவள் மஞ்சள் அடிக்கலாமா என்று கேட்டது ஞாபகம் வந்தது, கோழிக்குஞ்சு மாதிரி லேசான மஞ்சள் என்றாள், எதுக்கு, சீக்கிரம் அழுக்குத் தெரியும் என்றேன். உண்மையில் அழுக்குச் சீக்கிரம் தெரிவது வெள்ளையில்தான். அதை அவள் சொல்லவில்லை. நான் எதுக்கு என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்ல மாட்டாள்.

மஞ்சளை நானே அடித்தேன், ஏணி போட்டு, மூன்று நாள். அடித்து முடித்து வாசலில் நின்று பார்த்தேன், வெட்கக்கேடு, அறுபதை நெருங்குகிறவன் ஒரு சுவரைப் பார்த்து அழுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், நான் சுவருக்கு நமஸ்காரம் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து செய்தேன், ஜன்னலுக்கு இலைப்பச்சைத் திரை, அடுப்படியில் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முகக்கண்ணாடி, மூங்கில் நாற்காலி இரண்டு. இரண்டு. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் காயப்போட்ட துணியை மடித்து வைப்பேன். கடைசியாக அந்தச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று அந்த வீடியோப் பெண் சொன்னாள், மனசுக்கு நெருக்கமா ஒண்ணு என்றாள். எங்கள் பையன் கல்யாண ஆல்பத்தில் வசந்தாமணி யாரையோ பார்த்து ஓரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று உண்டு. என்னைப் பார்த்து இல்லை. அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர், கீழ பேரு போடணுங்களா, தேதி போடணுங்களா என்று கேட்டார். பேர் போதும் என்றேன். என்ன தேதி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு, இன்ஸ்பெக்டராம். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டதும், பணம் வாங்கும்போது எழுந்து நின்றதும் இப்போதுதான் புரிகிறது. வீட்டில் கிழக்குச் சுவரில் ஜன்னல், மேற்கில் டிவி, வடக்கில் கதவு, மிச்சம் தெற்குச் சுவர். அங்கே மாட்டினேன். மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, படத்துக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி, அது ஒரு வீடியோ. சட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பூ வைத்த பிளாஸ்டிக் கொடி, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, அது இன்னொரு வீடியோ. கீழே ஒரு குட்டி மேஜை, அதன்மேல் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்தி மிதக்கவிட்டது, அது மூன்றாவது. மூன்றும் தனித்தனியாக அழகுதான். ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்.

இங்கே மாடிக்கு இரண்டு வீடு. எங்களுக்குப் பழக்கமான முன்னாள் எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், மற்ற மாடிகளில் எல்லாம் வாடகைக்கு வந்த சின்னப் பையன்கள், பெண்கள், லிஃப்டில் பார்த்தால் போனைப் பார்ப்பார்கள். செல்வநாயகியக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆடியில் குடி வந்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், எனக்கு வந்த பார்சல் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது என்று கொண்டுவந்து கொடுத்தார். கதவைத் திறந்தேன். அவர் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று நான் முடிவு பண்ணியிருந்தேனோ அங்கேயே போனது. செருப்பைக் கழற்றினார். பார்சலைக் கீழே வைத்தார். நேராகப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கை கூப்பினார். அப்போதுதான், அந்த ஒரு நிமிடத்தில்தான், அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று அந்தச் சுவரைப் பார்த்தேன், விளக்கு, மாலை மாதிரி கொடி, பூ, செத்தவர்கள் படம் மாட்டுகிற தெற்குச் சுவர், சிரிக்கிற மனைவி. அக்கா திரும்பினார், கண் கலங்கியிருந்தது. "சிவசிவா, குடி வந்து ரெண்டு மாசமாகுது, எதுத்தாப்ல இருந்துட்டு ஒரு வார்த்த தெரியாமப் போச்சுங்களே தம்பி. எப்பங்க தவறுனாங்க?" என்றார். இப்போது நான் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஐயையோ இல்லைங்க்கா, ஊருக்குப் போயிருக்கறா, இது சும்மா அலங்காரம் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். சொன்னால் அடுத்து என்ன கேட்பார்? எப்ப வர்றாங்க என்று கேட்பார். வரலைங்க என்றால், ஏன் போனாங்க என்று கேட்பார். இதெல்லாம் ஒரு நொடிக்குள் மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது, நான் தெரிந்தேதான் சொன்னேன், அறியாமல் வாய் தவறவில்லை. "ஏழு மாசம் ஆச்சுங்க்கா" என்றேன். "ஒடம்புக்கு என்னங்க?" "திடீர்னுதானுங்க." "புண்ணியவதி, படுக்கையில கெடந்து இழுக்காமப் போயிட்டாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். செத்தவர்களை ஏன் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புருஷனை யாரும் குறுக்கு விசாரணை பண்ணுவதில்லை. சோறு போடுகிறார்கள்.

போட்டார்கள், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கே தூக்குப்போசியில் அரிசியும் பருப்புஞ் சாதம் வந்தது. மறுநாள் கொள்ளு ரசம். அதற்கு மறுநாள் சந்தகை, தேங்காய்ப்பாலோடு. சாப்பாடு பெரிதில்லை, சாப்பாடு நானும் ஆக்குவேன். அக்கா வந்து அந்த மூங்கில் நாற்காலியில் உட்காருவார், துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருவார், அரை மணி நேரம் பேசுவார். அவர் தங்கை காமாலையில் போனது, மருமகள் உப்புப் போடாமல் சமைக்கிறது, அவர் வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்கு முழங்கால் வலி. நான் உம் கொட்டுவேன். பன்னிரண்டு நாளில் அந்த வீட்டில் பேசப்பட்டது அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடத்தில் பேசப்பட்டிருக்காது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் என் காது தானாக வாசல் பக்கம் போகும், முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். ஒரு நாள் அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரு ஆம்பள தனியா இருந்துட்டு ஊட்ட எத்தன நறுவிசா வெச்சிருக்கீங்க, இதையெல்லாம் பாக்க அந்தம்மா குடுத்து வைக்கலையே" என்றார். அதைக் கேட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் நான் அழப் போனதாக நினைத்துக்கொண்டார். அழத்தான் போனேன், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை.

மணி பதினொன்றரை. மொட்டை மாடியில் காக்கைகள் கத்த ஆரம்பித்துவிட்டன, அமாவாசை என்று அதுகளுக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம்தான் அக்கா சொன்னார். நாளைக்கு எங்க மாமியாருக்குப் படையல் போடறோம், அதோட உங்க வீட்டம்மாவுக்கும் சேத்துச் சமைச்சுக் கொண்டாந்தர்றேன், மொதல் வருஷம், பட்டினி போடக் கூடாதுங்க தம்பி, நீங்க ஒரு இலைய விரிச்சுக் கூப்பிட்டு வெச்சாப் போதும் என்றார். வேண்டாங்க்கா, சிரமம் என்றேன். சிரமம்! அந்த இடத்தில் சொல்ல எனக்குக் கிடைத்த வார்த்தை அது. சிரமமா, சுமங்கலியாப் போனவங்களுக்குச் செய்யறது எனக்குப் புண்ணியமுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது வசந்தாமணி இருமினாள். வாரம் ஒரு தரம் நான் கூப்பிடுவேன், கேஸ் வந்துதா, வந்துது, பென்ஷன் ஏறுச்சா, ஏறுச்சு, சரி, சரி. நடுவில் இருமினாள், என்ன என்றேன், தூசிங்க, ஒண்ணுமில்ல என்றாள். தூசியாகத்தான் இருக்கும். ஆனால் நான் செத்துவிட்டாள் என்று சொன்னது அதற்கு எட்டு நாளைக்கு முன்னால். வாய் முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கம்பெனியில் ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைக்கும்போதுகூட ஓரமாக நிற்பவன் நான், ஆனால் தூங்க விடவில்லை. உயிரோடு இருக்கிறவள் பேரைச் சொல்லி இலை போட்டு எள்ளுருண்டை வைத்துக் கூப்பிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆகிவிட்டால்? அப்புறம் அந்த ஏன் போனாங்க என்ற கேள்விக்குப் பதில் இன்னும் மோசமாகிவிடும்.

எதிர் வீட்டுக் கதவு வரை போனேன். இப்போதுதான் போய்விட்டு வந்தேன். அழைப்பு மணியில் விரலை வைத்தேன். உள்ளே தாளிக்கிற சத்தம், ராமலிங்கம் எதையோ கேட்கிறார், அக்கா எச்சில் படாம எடுங்க, அது அந்தம்மாவுக்கு வெச்சது என்று அதட்டுகிறார். விரலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மணி அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். முடிந்திருக்கும், அதோடு சாயங்காலம் ஐந்தரையும் முடிந்திருக்கும், அதுதான். உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலியில் மறுபடி துணிதான் உட்காரும். சொல்லாவிட்டால் இலை போட வேண்டும். இரண்டில் எது வேண்டும், சிகாமணி? ஊரெல்லாம் முழுசாகத் தெய்வசிகாமணி என்பார்கள், என்னை நானே கேட்கும்போது மட்டும் சிகாமணி. பதில் சொல்லாமல் சுவரைச் சரி செய்யலாம் என்று ஆரம்பித்தேன். முதலில் விளக்கை அணைத்தேன். பகல் வெளிச்சத்தில் அது எப்படியும் ஒன்றும் தெரியவில்லை. உருளியைத் தூக்கிக்கொண்டு போய் முகக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன், தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. கொடியைப் பிய்த்தேன், பிளாஸ்டிக் கொடியை அவிழ்ப்பது லேசில்லை, கம்பி வைத்திருக்கிறான், விரல் கிழிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். இப்போது வெறும் சுவரில் வெறும் படம். விளக்கும் பூவும் இருந்தபோதாவது அவளை யாரோ ஒருத்தன் கொண்டாடுகிற மாதிரி இருந்தது. இப்போது மறுபடியும் அந்தப் பழைய வீட்டு வசந்தாமணி. எனக்குத் தாங்கவில்லை. திரும்பக் கொடியைச் சுற்றினேன், உருளியைக் கொண்டுவந்து வைத்தேன். இதைச் செய்தபோது ஒன்று புரிந்தது, இந்தச் சுவரில் இவ்வளவு நாளும் நான் அழைத்துக்கொண்டிருந்தது செத்தவளையும் இல்லை, உயிரோடு இருக்கிறவளையும் இல்லை, எதுக்கு என்று நான் கேட்காமலே விட்டிருந்தால் இங்கே இருந்திருக்கக்கூடிய ஒருத்தியை.

ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த டப்பா. அதை நினைக்கக்கூடாது என்றுதான் மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலையில் இருந்த வரைக்கும் காலை எட்டிலிருந்து ராத்திரி ஏழு வரை வீடு அவளிடம் இருந்தது. தை மாதம் ரிட்டயர் ஆனேன், சால்வை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், மறுநாளிலிருந்து பகல் முழுக்க வீட்டில். பழக்கம் போகுமா? உப்பு டப்பா ஏன் இங்கே, பால் ஏன் இவ்வளவு பொங்கவிட்டாய், துடைப்பத்தை ஏன் நிறுத்தி வைக்கிறாய். சிவப்பு பெயிண்ட் ஒன்றுதான் கையில் இல்லை. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு ஒரு செடி கொண்டுவந்தாள், சாதிமல்லி, ஒரு சாண் உயரம், நாலு இலை. யாரோ கொடுத்தார்கள் என்றாள். பால்கனி மூலையில் வைத்தாள். நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போனாள். நான் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய் காம்பவுண்டுக்கு வெளியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வந்து கை கழுவினேன். ஈரத்தலையோடு வெளியே வந்தவள் பால்கனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒழுகும் என்றேன். சரிங்க என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை. பதினஞ்சு நாள் கழித்து, தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன், தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், ரொம்பப் பொறுப்பானவன். பையன் பூனாவிலிருந்து கூப்பிட்டு, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்கப்பா என்றான். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், கேஸ் வந்துதா, வந்துது.

அழைப்பு மணி அடித்துவிட்டது. பன்னிரண்டு இருபதுதான் ஆகிறது, அக்கா சீக்கிரம் வந்துவிட்டார். ஈரத்தலையை முடிந்து, நெற்றியில் திருநீறு, கையில் அடுக்குப்போசி. பின்னால் ராமலிங்கம் வாழையிலையும் ஒரு துணிப்பையுமாக நொண்டிக்கொண்டு வந்தார். "ராவுகாலத்துக்கு முன்னாடி முடிச்சர்லாமுங்க தம்பி, வெளக்க ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே படத்துக்கு முன்னால் தரையைத் துடைத்து இலையைப் போட்டார். ராமலிங்கம் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மேஜை மேல் வைத்தார், கிளிப்பச்சை, அரக்குக் கரை. "நேத்து டவுன்ஹால் கடவீதில எடுத்தோமுங்க, சுமங்கலிக்கு வெக்கோணுமல்ல" என்றார். நான் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் கடை ஏறி இறங்கி அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். அக்கா சாதம் வைத்தார், பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய்க் கூட்டு, வடை, எள்ளுருண்டை. கற்பூரத்தை என் கையில் கொடுத்தார். "பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடுங்க தம்பி. வந்து சாப்புடுன்னு மனசார கூப்பிடோணும். நாங்க கூப்பிட்டா வர மாட்டாங்க, நீங்கதாங் கூப்பிடோணும்."

அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. இந்தா என்பேன், இங்க வா என்றுகூட இல்லை, இந்தா, அவ்வளவுதான். "வசந்தாமணி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வா" என்றேன். அந்தச் சொல் வாயை விட்டு வெளியே போனதும்தான் உறைத்தது, ஏழு மாதத்தில், முப்பது ஞாயிற்றுக்கிழமைகளில், போனில் ஒரு தரம்கூட அதை நான் அவளிடம் சொல்லவில்லை. செத்தவள் என்று சொல்லிவிட்டு, செத்தவளைத்தான் வா என்று கூப்பிடுகிறேன். "இன்னும் ரெண்டு தடவைங்க" என்றார் அக்கா மெல்ல. நான் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தேன்.

"வேண்டாங்க்கா. அவ சாகலைங்க. உசுரோட இருக்கறா. பல்லடத்துல தங்கச்சி ஊட்ல இருக்கறா. நான் பொய் சொல்லிட்டனுங்க."

ராமலிங்கம்தான் முதலில் அசைந்தார், புடவையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், யாரோ பிடுங்கப் போகிற மாதிரி. அக்கா படத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அப்புறம் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் இலையைச் சோற்றோடு இழுத்துப் படத்துக்கு முன்னாலிருந்து நகர்த்தினார், கூட்டு தரையில் சிந்தியது. "அட பாவி. உசுரோட இருக்கறவளுக்கு எள்ளு வெக்க வெச்சிட்டயே" என்றார், பேச்சில் இருந்த ங்க எல்லாம் போய்விட்டது. "காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல எனக்கு. எதுக்குத் தம்பி? எதுக்கு இப்புடிச் சொன்னே?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, நான் பன்னிரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார், கோபம் இல்லாமல், களைப்பாக.

"அப்ப ஏன் போனாங்க?"

"என்னாலதானுங்க" என்றேன். சொல்லிவிட்டேன். தலையில் எதுவும் இடிந்து விழவில்லை.

"அத அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

அக்கா போசிகளை அடுக்கினார், இலையை அப்படியே மடித்து ராமலிங்கத்திடம் கொடுத்து, மாடிக்குக் கொண்டுட்டுப் போங்க, காக்காய்க்காவது ஆகட்டும் என்றார். தரையைத் துடைத்தார், எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. எதிர்க்கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. இனிமேல் ஐந்தரைக்கு யாரும் வரமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தே நடந்தது, வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை, ஆனால் வருத்தமாக இருக்கிறது, தரையில் கூட்டு சிந்திய இடத்தில் ஈரம் காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை எடுத்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"வசந்தாமணி" என்றேன்.

பதறிப்போய், "ஏனுங்க? ஒடம்புக்கு என்னங்க? பேரச் சொல்றீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அந்தச் செடிய நான்தான் எடுத்துட்டுப் போயிக் குப்பையில வெச்சேன்."

"தெரியுமுங்க."

"நீ போனது என்னாலதான்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு தரம் கூவி அடங்கியது. யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள், வர்றேன் இரு என்றாள், போனை மறைத்துக்கொண்டு. வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சற்று முன்னால் அந்தச் சொல்லைச் செலவழித்த இடம் ஞாபகம் வந்தது, கூச்சமாக இருந்தது. "நான் அங்க வந்து உன்னப் பாக்கட்டுமா?" என்றேன். அவளிடம் ஒரு காரியத்துக்கு அனுமதி கேட்பது இதுதான் முதல் தடவை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"சாப்புடுங்க. நான் யோசிச்சுச் சொல்றனுங்க. வெச்சர்றேன்" என்றாள். வெச்சர்றேன் என்று சொன்னாளே ஒழிய வைக்கவில்லை, அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு தரம் இருமினாள், நானும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.